எழுதி வைத்த படக்கதையை யாரிடம் கொடுப்பது? பதிப்பகம், திறந்த உரிமம், சொந்த அச்சு: ஓர் ஒப்பீடு

"டீச்சர், ரிட்டயர் ஆகி மூணு மாசம் ஆச்சு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குச் சொன்ன கதையெல்லாம் எழுதி வச்சிருக்கேன். இதை யார்கிட்ட கொடுக்கிறது?"

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படிக் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள். சிலர் வயது முடிந்து ஓய்வு பெற்றவர்கள், சிலர் என்னைப் போல விருப்ப ஓய்வில் வந்தவர்கள். நான் 22 வருடம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தேன். அதற்குப் பிறகு எட்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள்தான் என் வேலை. பதிப்பகம் மூலமாகவும் போட்டிருக்கிறேன், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் இலவசமாகவும் விட்டிருக்கிறேன், சொந்தக் காசிலும் அச்சடித்திருக்கிறேன். போனில் அரைகுறையாகச் சொல்வதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் "எனக்கு எந்த வழி சரி?" என்று கேட்கிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, "இந்தக் கதைக்கு எந்த வழி சரி?" என்று கேளுங்கள். ஒரே ஆள் எழுதிய மூன்று கதைகள் மூன்று வழியில் போகலாம். என்னுடையவை அப்படித்தான் போயின.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, புத்தகம் எந்தப் பிள்ளையின் கைக்குப் போகும்? நகரத்துப் புத்தகக் கடையில் அம்மா அப்பாவோடு நிற்கும் பிள்ளைக்கா, அரசுப் பள்ளி வாசிப்பு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கா, அம்மாவின் செல்போனில் படம் பார்க்கும் பிள்ளைக்கா? மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு இது பெரிது.

இரண்டாவது பணம். எவ்வளவு வரும் என்பதோடு எப்போது வரும், அதற்கு முன் எவ்வளவு போகும் என்பதும் சேர்த்தி. மூன்றாவது உரிமை: கதை யார் பெயரில், எத்தனை வருடத்துக்கு, எந்தெந்த மொழியில். நான்காவது ஓவியர். படப் புத்தகத்தில் பாதிக் கதையை அவர்தான் சொல்கிறார். அவரை யார் தேர்வு செய்வது, யார் காசு கொடுப்பது? ஐந்தாவது, எழுதுவது போக மிச்ச வேலையை யார் பார்ப்பது? பார்சல் கட்டுவது, பில் போடுவது, வராத பணத்துக்குப் பத்து முறை போன் செய்வது எல்லாம் இதில் வரும்.

## எந்த வழியானாலும் முதலில் ஒரு டம்மி (மாதிரிப் புத்தகம்)

ஆறு ஏ4 தாளை நடுவில் மடித்து முதுகில் ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். 24 பக்கம் வரும். கதையை அதில் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதுங்கள். படம் வரையத் தெரியாவிட்டால் கோட்டுப் பொம்மை போதும். பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும். 16 அல்லது 24 என்பது நம் ஊரில் வழக்கம், வெளிநாட்டில் 32. "என் கதை 19 பக்கம் வருது" என்று யாராவது சொன்னால் டம்மி போடவில்லை என்று அர்த்தம்.

அதை எடுத்துக்கொண்டு உங்கள் பழைய பள்ளிக்கோ பக்கத்து அங்கன்வாடிக்கோ போய் வாசியுங்கள். எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எந்த எழுத்தாளருக்கும் கிடைக்காத வசதி இது. வகுப்பில் இத்தனை வருடம் நின்றதன் பலன் இங்கேதான் கை கொடுக்கும்.

## வழி 1: பதிப்பகம்

சிறுவர் படப் புத்தகங்களைத் தீவிரமாகப் போடும் இடங்கள் பல இருக்கின்றன. சென்னையில் தூலிகா 1996இலிருந்து பல இந்திய மொழிகளில் ஒரே புத்தகத்தைக் கொண்டுவருகிறது. 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் கையால் திரை அச்சு செய்யும் புத்தகங்களுக்குப் பெயர் போனது. தமிழுக்கு மட்டும் என்றால் பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் போன்றவை. டெல்லியில் நேஷனல் புக் டிரஸ்டும், கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கிய சில்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957இலிருந்து இருக்கின்றன.

இந்த வழியின் பெரிய லாபம் எடிட்டர். என் முதல் கதையில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "மழை பெய்தது. பாட்டி குடையை விரித்தாள். குடையில் ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் பாட்டியின் மூக்கில் விழுந்தது." எடிட்டர் கேட்டார்: "மழை படத்தில் தெரியும். குடை தெரியும். ஓட்டையும் தெரியும். மிச்சம் என்ன?" அரை மணி நேரம் பேசினோம். கடைசியில் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் நின்றது: "சொட்டு." புத்தகம் வந்த பிறகு ஒரு வகுப்பில் வாசித்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் 30 பிள்ளைகளும் மூக்கைத் தொட்டுக்கொண்டு "சொட்டு!" என்று கத்தினார்கள். நான் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த நான்கு வாக்கியமும் அப்படியே அச்சாகியிருக்கும்.

நம்மைப் போன்றவர்களுக்கு எடிட்டர் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். கடைசிப் பக்கத்தில் "ஆகவே குழந்தைகளே" என்று பாடம் நடத்தும் கை நமக்கு உண்டு. பிள்ளைகள் அந்தப் பக்கம் வரும்போதே எழுந்துவிடுகிறார்கள். அதை வெட்ட வெளியாள் ஒருவர் வேண்டும்.

ஓவியரைப் பதிப்பகமே பிடிக்கும், காசும் கொடுக்கும். அச்சு, கடை, கண்காட்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நமக்குக் கைச்செலவு இல்லை.

இனி வெளியே தெரியாத செலவுகள். முதலில் நேரம். கதையை ஏற்றுக்கொண்ட பிறகும் புத்தகமாக வர ஒன்றிரண்டு வருடம் ஆவது சாதாரணம். ஓவியர் கிடைக்க வேண்டும், பட்டியலில் இடம் வர வேண்டும். அடுத்தது பணம். ராயல்டி (விற்கும் பிரதிக்கு விலையில் கிடைக்கும் பங்கு) 10 சதவீதம் என்றால் பெரும்பாலும் அது எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் பாதிப் பாதி. விலை 80 ரூபாய் என்று வையுங்கள்: உங்கள் பங்கு பிரதிக்கு 4 ரூபாய். 2,000 பிரதி முழுதும் விற்றால் 8,000 ரூபாய். அதுவும் இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பென்ஷனை விட்டுவிட்டு இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சில இடங்களில் ராயல்டியே இல்லை, ஒரே தொகைதான்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பல மொழிகளில் போடும் பதிப்பகத்துக்கு எல்லா மொழிக்கும் போகக்கூடிய கதைதான் வேண்டும். என்னிடம் கிளி, கிழி, கிலி மூன்றையும் வைத்து ஒரு கதை இருந்தது. "கிளியைக் கூப்பிடு" என்று அம்மா சொல்ல, மகள் காதில் "கிழி" என்று விழ, கடைசியில் வீட்டில் எல்லோருக்கும் கிலி. வகுப்பில் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்த கதை. இந்தியில் அதற்கு என்ன செய்வது? திரும்பி வந்துவிட்டது. அவர்கள் மேல் தப்பில்லை. கதை தமிழை விட்டு நகராத கதை.

### கையெழுத்துப் போடும் முன்

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்கசப்பு உண்டு. என் இரண்டாவது புத்தகத்துக்கு ஒரு பதிப்பாளர் (பெயர் வேண்டாம்) ஒரே தொகை கொடுத்து இரண்டு பக்க ஒப்பந்தம் நீட்டினார். எல்லா மொழிகள், எல்லா வடிவங்கள், காலவரை இல்லாமல் என்று அதில் இருந்தது. வாசிக்காமல் போட்டேன். அந்தக் கதை பிறகு இரண்டு மொழிகளில் வந்தது. எனக்கு ஒரு பிரதி கூட வரவில்லை.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. எழுதிய நொடியே உரிமை உங்களுடையது, பதிவு செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் வாரிசுக்குப் போகும். உரிமையை எழுதிக் கொடுத்தால்தான் செல்லும், வாய்ச்சொல் செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் எடுத்துக்கொள்வார்கள். வேறு மாதிரி எழுதப்படாத வரை, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். ஆனால் இவை எல்லாம் ஒப்பந்தம் மௌனமாக இருக்கும் இடத்தில்தான் உதவும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதியிருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. மொழிபெயர்ப்பு, ஒலி, காணொளி உரிமைகளைத் தனித்தனியாக எழுதக் கேளுங்கள். நல்ல பதிப்பாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்போது இது சரி: இது உங்கள் முதல் புத்தகம் என்றால். கதை வேறு மொழிக்கும் போகும் என்றால். காத்திருக்க முடியும் என்றால்.

## வழி 2: திறந்த உரிமம்

2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் லாப நோக்கம் இல்லாத அமைப்பு. 2015 செப்டம்பரில் ஸ்டோரிவீவர் என்ற தளத்தைத் திறந்தது. அங்கே யாரும் இலவசமாக வாசிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், புதிய கதையும் போடலாம். ஏற்கெனவே அங்கே இருக்கும் ஓவியங்களை எடுத்து உங்கள் கதையோடு சேர்க்கலாம் என்பதால் ஓவியருக்குக் காசு இல்லாமலே படப் புத்தகம் தயாராகும். கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் அரசின் வாசிப்பு இயக்கம் "நுழை, நட, ஓடு, பற" என்று பிரித்திருப்பதைப் போல. ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். எந்தச் சொல்லில் பிள்ளை தடுக்கும், கூட்டெழுத்து எப்போது வரலாம், ஒரு வரியில் எத்தனை சொல் தாங்கும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பிரதம் புக்ஸ் தானே கேட்டு வாங்கிப் போடும் புத்தகமும், நாமாகத் தளத்தில் ஏற்றும் கதையும் ஒன்றல்ல. முன்னதற்கு எடிட்டரும் ஊதியமும் உண்டு. பின்னதற்கு இரண்டும் இல்லை.

உரிமத்தின் பொருளை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே ஏற்றும் கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் போகும். அதில் சிசி பை 4.0 என்றால், உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் அந்தக் கதையை அச்சடிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. கொடுத்த பிறகு திரும்ப வாங்க முடியாது. நாளைக்குப் பெரிய பதிப்பகம் ஒன்று அந்தக் கதையைக் கேட்டு வந்தால், "இது ஏற்கெனவே பொதுவில் இருக்கிறதே" என்று தயங்கும். இந்த வழியில் கைவிடும் பெரிய விஷயம் அதுதான். மனத்துக்கு மிக நெருக்கமான கதையை முதலில் இங்கே விடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆனால் இது தரும் நிறைவும் பெரியது. ஒரு குட்டிக் கதையை இப்படி விட்டேன். ஒரு மலைக் கிராமப் பள்ளியில் வேலை செய்யும் தோழி அதை இறக்கி, கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, பிள்ளைகளைக் கொண்டே வண்ணம் அடிக்கவைத்து, சணல் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு பிரதியிலும் யானை வேறு வேறு நிறம். கடையில் ஒரு படப் புத்தகமும் வாங்கியிராத வீடுகளுக்கு அந்தப் பிரதிகள் போயின.

எப்போது இது சரி: கதை வாசிப்புப் பழக்கத்துக்கானது, எளிமையானது என்றால். அரசுப் பள்ளிப் பிள்ளையின் கைக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்றால். வருமானம் வேறு வழியில் இருந்தால்.

## வழி 3: சொந்தப் பதிப்பு

"கையில் ஓய்வுப் பணம் இருக்கு, நானே போட்டுடறேன்." நல்லது, முதலில் கணக்கைப் பாருங்கள். கீழே இருப்பவை கணக்குக்காக நான் வைத்த எண்கள். உங்கள் ஊர் அச்சகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

24 பக்கம், மல்டிகலர், ஆர்ட் பேப்பர், 1,000 பிரதி. அச்சுச் செலவு பிரதிக்கு 35 ரூபாய், மொத்தம் 35,000. ஓவியருக்கு 40,000. ஆக 75,000, அதாவது பிரதிக்கு 75 ரூபாய் அடக்கம். விலை 120 போடுகிறீர்கள். கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் கையில் வருவது 72. அத்தனையும் விற்றாலும் பிரதிக்கு 3 ரூபாய் நஷ்டம். அதே புத்தகத்தைக் கண்காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடியில் நீங்களே விற்றால் 108 வரும். 695ஆவது பிரதியில் போட்ட பணம் திரும்பும். மறுபதிப்பில் ஓவியச் செலவு கிடையாது என்பதால் கடை வழியாக விற்றாலும் 37 ரூபாய் நிற்கும். நேரில் விற்க ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள் என்பது இந்தக் கணக்கிலிருந்து நான் கற்றது. ஓவியரின் கூலியைக் குறைத்து இந்தக் கணக்கைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். 12 விரிபக்கம் வரைய அவருக்கு மாதக்கணக்கில் ஆகும். முதல் புத்தகம் போடும் பலர் இதில்தான் ஓவியரை மனம் நோகவைக்கிறார்கள்.

பிரதி வேண்டும்போது மட்டும் அச்சடிக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் முன்பணம் குறைவு. ஆனால் முழு வண்ணத்தில் ஒரு பிரதியின் அடக்கம் ஏறிவிடும். கதைப் புத்தகத்துக்கு அது ஒத்துவரும், படப் புத்தகத்துக்குக் கஷ்டம்.

சில விஷயங்கள் நாம் பயப்படுவதை விட எளிது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குக் கட்டணம் இல்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். புத்தக விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. தபாலில் அனுப்ப, 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்டில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. மெல்லிய படப் புத்தகம் அந்த எடைக்குள் அடங்கிவிடும்.

கஷ்டம் எதிர்பாராத இடத்தில் வந்தது. என் கதையில் "கொக்கு" என்ற சொல் இருபது தடவை. யூனிகோடில் டைப் செய்து கொடுத்தேன். லேஅவுட் செய்த தம்பி தமிழ் வாசிக்கத் தெரியாதவர். சாஃப்ட்வேரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாமல் எழுத்தை ஒட்டியிருக்கிறார். கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. புரூஃபில் பிடித்தேன், திருத்தினார். பின்னட்டையில் இருந்த ஒரு கொக்கு மட்டும் தப்பிவிட்டது. 1,000 பிரதிக்கும் ஸ்டிக்கர் ஒட்டினோம். அச்சுக்குப் போகும் கடைசி பி.டி.எஃப். கோப்பைத் தாளில் எடுத்து, அட்டை உட்பட ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசியுங்கள். எழுத்தைப் படத்தோடு சேர்த்து ஒரே படமாக ஆக்கிவிட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். மறுபதிப்பில் ஒரு சொல்லைத் திருத்தவோ வேறு மொழியில் போடவோ அப்போதுதான் முடியும்.

பிறகு இருக்கிறது இடம். 1,000 படப் புத்தகம் ஒரு சின்ன அறையின் ஒரு மூலையை அடைத்துவிடும். மழைக்காலத்தில் ஆர்ட் பேப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு) வரும், 500 பிரதி அப்படியே போகும் என்று யாராவது சொன்னால், வந்தால் சந்தோஷம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி அச்சு எண்ணிக்கையை ஏற்றாதீர்கள்.

எப்போது இது சரி: கதை தமிழின் ஒலியிலேயே உயிர் வாழ்கிறது, வேறு யாரும் போடத் தயாரில்லை என்றால். கதை சொல்லப் பள்ளி பள்ளியாகப் போகிறவர் நீங்கள் என்றால். போட்ட பணம் திரும்பாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்றால். என் கிளிக் கதையை இப்படித்தான் போட்டேன். 500 பிரதிதான். பள்ளி ஆண்டு விழாக்களிலும் கதை நிகழ்ச்சிகளிலும் ஒன்றரை வருடத்தில் தீர்ந்தது.

## ஒரே பார்வையில்

| | பதிப்பகம் | திறந்த உரிமம் | சொந்தப் பதிப்பு |
|---|---|---|---|
| சேரும் இடம் | கடை, கண்காட்சி, தனியார் பள்ளி | செல்போன், அரசுப் பள்ளி, தன்னார்வலர் | நீங்கள் நேரில் போகும் இடம் |
| கைச்செலவு | இல்லை | இல்லை | அச்சும் ஓவியமும் முழுதாக |
| வரவு | குறைவு, மெதுவாக | நாமே ஏற்றினால் இல்லை | நேரில் விற்றால் உண்டு |
| உரிமை | ஒப்பந்தத்தைப் பொறுத்து | பெயர் உங்களுடையது, பயன்பாடு எல்லோருக்கும் | முழுதும் உங்களுடையது |
| ஓவியர் | அவர்கள் தேர்வு | இருக்கும் படங்கள் | உங்கள் தேர்வு, உங்கள் காசு |
| எடிட்டர் | உண்டு | நாமே ஏற்றினால் இல்லை | காசு கொடுத்து வைக்க வேண்டும் |
| ஆகும் காலம் | ஒன்றிரண்டு வருடம் | சில நாள் | சில மாதம் |
| கூடுதல் வேலை | குறைவு | மிகக் குறைவு | மிக அதிகம் |

பத்திரிகையைத் தனி வழியாக எண்ணவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஊஞ்சல், தேன்சிட்டு, அறிவியல் இயக்கத்தின் துளிர் போன்ற இதழ்களுக்கு எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. படப் புத்தகத்தின் பக்கம் திருப்பும் சுகம் அங்கே வராது, ஆனால் கை படியும்.

## நேற்றுக் கேட்டவருக்குச் சொன்னது

நேற்றுக் கூப்பிட்ட ஆசிரியையிடம் நான்கு கதைகள் இருந்தன. போனிலேயே வாசித்துக் காட்டினார். எறும்பு வெல்லம் தூக்கும் கதை வேறு மொழியிலும் நிற்கும். அதைப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு ஆறு மாதம் மறந்துவிடச் சொன்னேன். ஒரு பக்கத்துக்கு மூன்று சொல் மட்டும் வரும் "என் பை" கதை முதல் வாசிப்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அதை ஸ்டோரிவீவரில் போடச் சொன்னேன். அவர் ஊர்த் தாலாட்டை வைத்து எழுதிய கதையை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம், முதல் புத்தகம் வந்த பிறகு சொந்தமாகப் போடலாம் என்றேன். நான்காவது, நேர்மையைப் பற்றி ஒரு முயல் பேசிக்கொண்டே போகும் கதை. "இதைப் பிள்ளைகளுக்கு வாசித்தீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். திங்கட்கிழமை அங்கன்வாடிக்கு டம்மியோடு போகிறார்.

அவர் கடைசியாகக் கேட்டது ஓவியருக்கு எவ்வளவு கொடுப்பது என்று. எனக்குத் தெரிந்த இரண்டு ஓவியர்களின் எண்ணைக் கொடுத்து, அவர்களிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.